செங்கோணத்தின் கணக்கு

வீடு கட்டத் தொடங்கும் நாளில் மனையிலே முதலில் நடப்பது கல் அடுக்கும் வேலை அன்று. நூல் பிடிக்கும் வேலையே ஆகும். கொத்தனார் மண்ணில் முளைகளை அடித்து, அவற்றிடையே நூலை இழுத்துக் கட்டுகிறார். முன்சுவர் எழும்ப வேண்டிய கோடு ஒன்று. பக்கச் சுவர் எழும்ப வேண்டிய கோடு மற்றொன்று. இவ்விரு கோடுகளும் கூடும் மூலை செங்கோணமாக இருத்தல் வேண்டும். அதனைக் கண்ணால் பார்த்துத் துணிய இயலாது. மூலையருகே கண்ணுக்குப் புலனாகாத சிறு சாய்வு, 40 அடி நீளச் சுவரின் மறுகோடியில் ஒரு முழமாகப் பெருகி நிற்கும். அறை கோணிப்போகும், தரையில் பாவும் கற்கள் ஒரு மூலையில் முழுக்கல்லாகவும் மறுமூலையில் துண்டுக்கல்லாகவும் முடியும். கடைக்கால் தோண்டும்போதே பிழையைக் கண்டுகொண்டால் மண்ணை வெட்டித் திருத்திக்கொள்ளலாம். சுவர் எழும்பிய பின்னர்க் கண்டால், இடிப்பதன்றி வேறு வழி யாது?

ஆதலின், கொத்தனார் ஓர் எளிய சோதனை செய்கிறார். மூலை முளையிலிருந்து ஒரு நூலின்மீது 3 அடி அளந்து ஒரு குறி இடுகிறார். மற்றொரு நூலின்மீது 4 அடி அளந்து வேறொரு குறி இடுகிறார். பின்னர் அளவு நாடாவை எடுத்து, குறிக்குக் குறி குறுக்கே பிடித்துப் பார்க்கிறார். சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். குறைந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது, மிகுந்தால் விரிந்திருக்கிறது. அதற்கேற்ப முளையைச் சிறிது நகர்த்தி அடித்து மீண்டும் அளக்கிறார். மனை பெரியதாயின் 3, 4, 5 என்பவற்றை விடுத்து 6, 8, 10 என்றும், இடமிருந்தால் 30, 40, 50 என்றும் அளப்பார். அளக்கும் முக்கோணம் பெரிதாக ஆக, நாடா பிடிப்பதில் நேரும் பிழையால் கோணம் கெடுவது குறையும் என்பது அவர் பட்டறிவு.

இந்த எண்களில் உள்ள சிறப்பு என்ன? மூன்றின் வர்க்கம் 9. நான்கின் வர்க்கம் 16. இரண்டையும் கூட்டினால் 25. அது ஐந்தின் வர்க்கம். செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால், அக்கோணத்திற்கு எதிரே கிடக்கும் நீண்ட பக்கத்தின் வர்க்கம் கிடைக்கும். அந்த நீண்ட பக்கத்திற்குக் கர்ணம் என்று பெயர். இந்த உண்மையே பிதாகரஸ் தேற்றம் என வழங்குவது.

கொத்தனார் செய்யும் சோதனையைச் சற்று உற்று நோக்கினால், அவர் இத்தேற்றத்தை அப்படியே பயன்படுத்தவில்லை என்பது விளங்கும். தேற்றம் கூறுவது, கோணம் செங்கோணமாயின் பக்கங்களின் வர்க்கங்கள் இவ்வாறு பொருந்தும் என்பது. கொத்தனாருக்கோ கோணம் செங்கோணம்தானா என்பதே ஐயம். அவர் நீளங்களை அறிந்துகொண்டு, அவற்றிலிருந்து கோணத்தைத் துணிகிறார். இது தேற்றத்தின் மறுதலை. யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர், கி.மு. 300-ஆம் ஆண்டளவில் இயற்றிய வடிவ கணித நூலின் முதற் பகுதியில், தேற்றத்தை 47-ஆம் கூற்றாகவும், மறுதலையை 48-ஆம் கூற்றாகவும் தனித்தனியே வைத்து மெய்ப்பித்தார். ஒன்று உண்மையாயின் அதன் மறுதலையும் தானே உண்மையாகிவிடும் என்று கொள்ளுதல் பிழை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ‘மழை பெய்தால் முற்றம் நனையும்’ என்பது உண்மை. முற்றம் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று துணிய முடியுமா? யாரேனும் நீர் தெளித்தும் இருக்கலாம் அன்றோ?

தேற்றம் பிதாகரஸ் பெயரால் வழங்கினாலும், அவர் காலத்திற்கு நெடுநாள் முன்னரே மக்கள் இதனை அறிந்திருந்தனர். பிதாகரஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டினர், சாமோஸ் தீவில் பிறந்து, தென் இத்தாலியில் குரோட்டன் என்னும் நகரில் குடியேறியவர். அவர் எழுதிய நூல் எதுவும் இன்று இல்லை. ஆனால், அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன், பாபிலோனியா நாட்டில் ஈரக் களிமண்ணில் எழுதி உலர்த்திய பலகை ஒன்று இப்பொழுது நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் 15 வரிசைகளில் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரிசையும் ஒரு செங்கோண முக்கோணத்தைக் குறிக்கின்றது. ஒரு வரிசையில் 12,709 என்ற பக்கமும் 18,541 என்ற கர்ணமும் காணப்படுகின்றன. எஞ்சிய பக்கம் 13,500. இத்துணைப் பெரிய எண்கள் தற்செயலாகப் பொருந்தியிருத்தல் இயலாது. வேண்டுவோர் பெருக்கிப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை. ஆயினும் வீண் வேலை ஆகாது.

நம் நாட்டிலும் இத்தகைய அறிவு கயிற்றோடு தொடங்கியது. வேள்வி மேடைகளைக் குறித்த அளவிலும் வடிவிலும் அமைப்பதற்கு விதி கூறும் வடமொழி நூல்களுக்குச் சுல்ப சூத்திரங்கள் என்று பெயர். சுல்பம் என்பதற்குக் கயிறு என்பது பொருள். அவற்றுள் பழைமையானதாகிய போதாயனரின் நூல், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மீது அமைந்த சதுரம், அதன் நீளத்தின்மீதும் அகலத்தின்மீதும் அமைந்த இரு சதுரங்களுக்குச் சமம் என்னும் கருத்தைத் தெளிவாகக் கூறுகிறது. கூறியதோடு நில்லாமல், 3-உம் 4-உம், 5-உம் 12-உம், 8-உம் 15-உம், 7-உம் 24-உம் எனப் பொருந்தும் பக்கங்களையும் எடுத்துக்காட்டுகின்றது.

இது ஏன் உண்மையாயிற்று என்பதற்குக் காரணம் காட்டும் வழிகள் பல. அவற்றுள் கத்தரிக்கோலும் தடித்த தாளும் கொண்டே கண்டறியத்தக்க வழி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் அதனை ஆள்கின்றார். 3 அங்குலமும் 4 அங்குலமும் உள்ள செங்கோண முக்கோணங்கள் நான்கை வெட்டிக்கொள்ள வேண்டும். கர்ணங்கள் நான்கும் வெளிப்புறம் அமையுமாறு அவற்றைச் சுற்றி அடுக்கினால், ஒரு சதுரம் உருவாகும். நடுவில் சிறு சதுர வெற்றிடம் ஒன்று எஞ்சும். அதன் பக்கம் 4-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடாகிய 1 அங்குலம். முக்கோணம் ஒன்றின் பரப்பு 6 சதுர அங்குலம், நான்கிற்கு 24, நடுச்சதுரம் 1, ஆகமொத்தம் 25. வெளிச்சதுரத்தின் பரப்பு 25 ஆயின் அதன் பக்கம், அதாவது கர்ணம், 5 அங்குலம் ஆதல் வேண்டும். 3-உம் 4-உம் மட்டுமல்ல, எந்த இரு நீளங்களை எடுத்தாலும் இந்த அடுக்கு அமையும். நான்கு முக்கோணங்களின் பரப்பு அவ்விரு நீளங்களின் பெருக்கத்தைப் போல் இருமடங்கு. நடுச்சதுரம் அவற்றின் வேறுபாட்டின் வர்க்கம். இரண்டையும் கூட்டினால் எஞ்சுவது அவ்விரு நீளங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையே.

கர்ணத்தைக் காண்பதில் தொல்லை தருவது வர்க்கமூலம். வர்க்கமூலம் காணாமலே கர்ணத்தை அறிய வழி கூறும் செய்யுள் ஒன்று தமிழில் வழங்கிவருகின்றது. நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்பது அதன் கருத்து. நீளம் 4, அகலம் 3 ஆயின், நான்கில் அரையைக் கழிக்க மூன்றரை. அதனோடு ஒன்றரையைச் சேர்க்க 5. நீளம் 12, அகலம் 5 ஆயின், பன்னிரண்டில் ஒன்றரையைக் கழித்து இரண்டரையைச் சேர்க்க 13. இரண்டும் மிகச் சரி. இவற்றைக் கண்டு, இவ்விதி இருக்கப் பிதாகரஸ் தேற்றம் எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆனால், 20 அடிச் சதுர அறை ஒன்றுக்கு இவ்விதியைப் பயன்படுத்திப் பார்த்தால் உண்மை புலப்படும். இருபதில் இரண்டரையைக் கழித்துப் பத்தைச் சேர்த்தால் வருவது 27½ அடி. தேற்றத்தின்படி 400-உம் 400-உம் கூடி 800. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 28.28, அதாவது 28 அடி 3 அங்குலத்திற்குச் சிறிது மிகுதி. வேறுபாடு 9 அங்குலத்திற்கு மேல். கொத்தனார் 27½ அடியை நம்பி முளையடிப்பாராயின், மூலை செங்கோணத்தினும் மூன்று பாகைக்கு மேல் ஒடுங்கும். சுவரின் மறுகோடி இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஓரடிக்கு மேல் விலகும்.

அச்செய்யுள் கூறும் விதி, பக்கங்கள் 4-க்கு 3 என்ற விகிதத்திலோ, 12-க்கு 5 என்ற விகிதத்திலோ இருக்கும்போது மட்டுமே முற்றும் பொருந்துவது. பிற இடங்களில் அது மதிப்பீடு. மனக்கணக்காக மரத்தின் நீளத்தை மதிப்பிடுவோர்க்கு அது நல்ல துணை. மூலை பிடிக்க அது போதாது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கு உரிய கருவிகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் புகழ்தலும் இகழ்தலும் பொருந்தா.

சதுரத்தின் மூலைவிட்டத்தை எந்தப் பின்னத்தாலும் முற்றச் சரியாகக் கூற இயலாது என்பதும் உண்மை. ஆயினும், பிழையைச் சிறிதாக்கிக்கொண்டே செல்லலாம். பக்கம் 1 ஆயின் மூலைவிட்டம் 577/408 என்னும் அளவினது ஆகும்படி போதாயனர் விதி வகுத்தார். 20 அடி அறைக்கு இதனைப் பயன்படுத்தினால் நேரும் பிழை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு! செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டுவோருக்கு இதனினும் நுட்பம் எதற்கு?

இனி, முக்கோணக் கணக்குகளைத் தீர்க்கும் முறை. இத்தேற்றம் செங்கோணம் இல்லாத இடத்தில் வேலை செய்யாது. எனவே கணக்குத் தீர்ப்பவனுடைய உழைப்பில் பெரும்பகுதி, வர்க்கம் காண்பதில் இல்லை. கணக்கிலே செங்கோணம் எங்கே மறைந்திருக்கிறது என்று காண்பதிலேயே இருக்கின்றது. பக்கங்கள் இரண்டு கொடுக்கப்பட்டவுடனே வர்க்கங்களைக் கூட்டிவிடும் மாணவன், பாதிக் கணக்குகளில் வழுக்கி விழுகிறான். கொடுக்கப்பட்ட பக்கம் கர்ணமாயின் கூட்டக் கூடாது, கழித்தல் வேண்டும்.

சுவரில் சாய்த்த ஏணி இதற்குச் சான்று. தரையும் சுவரும் கூடுமிடம் செங்கோணம், ஏணியே கர்ணம். 25 அடி ஏணியின் கால் சுவரிலிருந்து 7 அடி தள்ளி நின்றால், 625-இல் 49 போக 576. ஏணியின் தலை 24 அடி உயரத்தில் இருக்கும். கால் மேலும் 8 அடி நழுவி 15 அடித் தூரத்திற்கு வந்தால், தலையும் 8 அடி இறங்கும் என்றே பலர் எண்ணுவர். 625-இல் 225 போக 400. தலை 20 அடி உயரத்தில் நிற்கும். இறங்கியது 4 அடிதான். ஆனால், அதனைக் கண்டு ஆறுதல் கொள்ளலாகாது. கால் 20 அடித் தூரத்திற்கு நழுவினால் தலை 15 அடிக்கு இறங்கும். அங்கிருந்து கால் வெறும் 4 அடி நழுவி 24 அடித் தூரம் சென்றால், தலை 8 அடி இறங்கி 7 அடி உயரத்திற்கு வந்துவிடும். நழுவும் ஏணி முதலில் மெல்ல இறங்கிப் பின்னர்த் திடுமென வீழ்வதன் காரணம் இதுவே.

ஏணிக் கணக்கில் இரு பக்கங்கள் தெரிந்திருந்தன. ஒரே ஒரு பக்கம் மட்டும் தெரிந்திருக்கும் கணக்கும் உண்டு. பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் அத்தகைய கணக்கு ஒன்று வருகிறது. சமதரையில் 32 முழ உயரமுள்ள மூங்கில் ஒன்று நிற்கின்றது. காற்று அதனை ஓரிடத்தில் முறிக்க, நுனி சாய்ந்து, அடியிலிருந்து 16 முழத் தூரத்தில் தரையைத் தொடுகிறது. மூங்கில் முறிந்தது எவ்வளவு உயரத்தில்?

நிமிர்ந்து நிற்கும் துண்டும் தரையும் செங்கோணம் ஆக்குகின்றன. சாய்ந்த துண்டு கர்ணம். இரண்டின் நீளமும் தெரியா. எனினும், இரண்டும் சேர்ந்து 32 முழம் என்பது தெரியும். கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து நிற்கும் துண்டின் வர்க்கத்தைக் கழித்தால் 16-இன் வர்க்கமாகிய 256 எஞ்ச வேண்டும். இரண்டு வர்க்கங்களின் வேறுபாடு, அவ்விரு நீளங்களின் கூட்டுத்தொகையை அவற்றின் வேறுபாட்டால் பெருக்கி வருவது என்பதை நினைவுகூர்ந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். 256-ஐக் கூட்டுத்தொகையாகிய 32-ஆல் வகுக்க 8. இதுவே இரு துண்டுகளின் வேறுபாடு. கூட்டினால் 32, கழித்தால் 8 வரும் எண்கள் 20-உம் 12-உம். ஆகவே மூங்கில் 12 முழ உயரத்தில் முறிந்தது. 144-உம் 256-உம் கூடி 400 ஆதலும், அது 20-இன் வர்க்கம் ஆதலும் விடையைச் சரிபார்க்கும். சீனரின் பழைய கணித நூலாகிய ஒன்பது அத்தியாயங்கள் என்பதிலும் முறிந்த மூங்கில் உண்டு. அங்கே உயரம் 10. நுனி தொடும் தூரம் 3. அதே வழியிற் சென்றால் முறிந்த உயரம் 4.55 என வரும்.

செங்கோணமே இல்லாத முக்கோணம் எதிர்ப்பட்டால் செய்வது என்ன? அங்கே செங்கோணத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதன் பயனைக் காட்ட வல்லது நிலத்தின் கணக்கு. மூன்று வரப்புகளால் சூழப்பட்ட வயல் ஒன்றின் பக்கங்கள் 13, 14, 15 சங்கிலி என்று கொள்க. சங்கிலி என்பது நில அளவையில் வழங்கிய 66 அடி நீளம். 10 சதுரச் சங்கிலி கொண்டது ஓர் ஏக்கர். இம்மூன்று எண்களில் பெரியதன் வர்க்கம் 225. மற்ற இரண்டின் வர்க்கங்கள் கூடி 365. இரண்டும் பொருந்தாமையால் இதில் எக்கோணமும் செங்கோணம் அன்று.

இத்தகைய வயலுக்குப் பழங்காலத்தில் குத்துமதிப்பான விதி ஒன்று இருந்தது. இரு பக்கங்களின் சராசரியை அடிப்பக்கத்தின் பாதியால் பெருக்குவது அது. 13-க்கும் 15-க்கும் சராசரி 14, அடிப்பக்கத்தின் பாதி 7, பெருக்க 98. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் இம்மதிப்பு விதியைக் கூறியதோடு அமையாமல், நுட்பமான பரப்பைக் காணும் விதியையும் உடன் கூறினார். அவருக்கு இரண்டின் வேறுபாடும் நன்கு தெரிந்திருந்தது.

உண்மைப் பரப்பைக் காண, மேல் மூலையிலிருந்து 14 சங்கிலி நீளமுள்ள வரப்பிற்குச் செங்குத்துக்கோடு ஒன்று வரைதல் வேண்டும். அது வயலை இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிக்கும். ஒன்றின் கர்ணம் 13. மற்றொன்றின் கர்ணம் 15. செங்குத்துக்கோடு இரண்டிற்கும் பொது. 15-இன் வர்க்கத்தில் 13-இன் வர்க்கம் போக 56. செங்குத்துக்கோடு பொதுவானதால், அடிப்பக்கத்தின் இரு துண்டுகளின் வர்க்கங்களுக்கும் இதே வேறுபாடுதான் இருத்தல் வேண்டும். துண்டுகளின் கூட்டுத்தொகை 14. மூங்கிலைப் போலவே, 56-ஐ 14-ஆல் வகுக்க 4. இது துண்டுகளின் வேறுபாடு. எனவே துண்டுகள் 9-உம் 5-உம் ஆகும். 13-இன் வர்க்கமாகிய 169-இல் 25 போக 144. செங்குத்துக்கோட்டின் நீளம் 12 சங்கிலி. அடிப்பக்கத்தின் பாதியாகிய 7-ஐ 12-ஆல் பெருக்க, பரப்பு 84 சதுரச் சங்கிலி.

பழைய மதிப்பு விதி கூறியது 98. பக்கங்களின் சராசரியைச் செங்குத்து உயரமாகக் கொண்டமையால் வந்த பிழை அது. சாய்ந்த பக்கம் செங்குத்துக்கோட்டினும் எப்பொழுதும் நீண்டதாகையால், பிழை என்றும் ஒரு பக்கமாகவே சாயும். நிலம் இருப்பதினும் மிகுதியாகவே தோன்றும். 84 சதுரச் சங்கிலி என்பது 8 ஏக்கர் 40 சென்ட். 98 என்பது 9 ஏக்கர் 80 சென்ட். இந்த வயலை மதிப்பு விதியின்படி அளந்து விற்றால், வாங்குபவன் இல்லாத 1 ஏக்கர் 40 சென்டுக்கு விலை கொடுப்பான். அவ்வளவையே கணக்கில் பதிந்தால், விளையாத அந்நிலத்திற்கு ஆண்டுதோறும் வரியும் கட்டுவான். நில அளவையாளர் வயலின் குறுக்கே நேர்கோடு ஒன்று பிடித்து, மூலைகள்தோறும் அக்கோட்டிற்குச் செங்குத்தாக அளந்து குறித்துக்கொண்டது இதனாலேயே. எத்தனை மூலைகள் உடைய வயலாயினும், அவ்வாறு அளந்த பின் அது செங்கோண முக்கோணங்களாகவும், இரு செங்கோணங்கள் கொண்ட நாற்பக்கத் துண்டுகளாகவும் பிரிந்துவிடும்.